குதிரை ஏறிய சரக்கும் கம்ப்யூட்டர் ஏஜெண்டும்

வெள்ளகவி என்ற ஊரின் பெயரை நமது உறுப்பினர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பழனி மலைத் தொடரில், கொடைக்கானல் தாலுகாவைச் சேர்ந்த சிற்றூர். கொடைக்கானலிலிருந்து போவதென்றால் வட்டக்கானல், டால்பின் மூக்கு வழியாகக் கீழே இறங்க வேண்டும். பெரியகுளத்திலிருந்து போவதென்றால் கும்பக்கரை அருவிப் பக்கமிருந்து மலை ஏற வேண்டும். பல தலைமுறைகளாக வண்டிச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர் இது. ஊர் எல்லைக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை என்ற வழக்கத்தால் பத்திரிகைகளில் பேசப்பட்டதும் உண்டு.

அந்த ஊருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோதான் ஏறின. காபியும் பழங்களும் அதே வழியில் கீழே இறங்கின. பெரியகுளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்களுக்கு அந்த மலைக்கார வாடிக்கையாளர்கள் அப்பா காலத்திலிருந்தே சொந்தம் போன்றவர்கள். "குதிரை ஏறிய சரக்கு திரும்பாது" என்பது எங்கள் கடையில் பெரியவர்கள் சொல்லி வைத்த பாடம். ஊருக்குள் உள்ள வாடிக்கையாளருக்குச் சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டால் பையனைச் சைக்கிளில் அனுப்பிச் சரி செய்துவிடலாம். மலைக்குப் போன சரக்கு மாறினால் குதிரைக் கூலி நஷ்டம், ஒரு நாள் நஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, பேர் நஷ்டம்.

அதனால்தான் மலைச் சீட்டை இரண்டு முறை வாசித்துக் காட்டி, "சரிதானே அண்ணே?" என்று கேட்டு, அதன் பிறகே மூட்டை கட்டும் வழக்கம் எங்கள் கடையில் இருந்தது. அந்த வழக்கத்தை ஒரு முறை கைவிட்டோம். என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்பதை நமது சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஏஜெண்டு என்றால் யார்?

இப்போது ஆர்டர்கள் சீட்டில் வருவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் செல்போனில் குரல் பதிவாக வருகின்றன. காலையில் கடை திறந்து, ஒவ்வொன்றையும் கேட்டு, சிட்டையில் எழுதி, இருப்புப் பார்த்து முடிக்கும்போது மணி பதினொன்று. கம்ப்யூட்டர் படித்த எங்கள் வீட்டுப் பிள்ளை, "இதை ஏஜெண்டு செய்யும் சித்தப்பா" என்றார். ஏஜெண்டு என்றதும் எங்களுக்குக் கமிஷன் ஏஜெண்டுதான் நினைவுக்கு வந்தார். ஆனால் இவர் சொன்னது வேறு.

சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருப்பதை 'மொழி மாதிரி' என்கிறார்கள். எண்ணற்ற பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வர வேண்டும் என்று கணித்து எழுதும் புரோகிராம் அது. நன்றாகப் பேசும். ஆனால் நமது கடையில் துவரம் பருப்பு எத்தனை மூட்டை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கேட்டால் தெரிந்த மாதிரி ஒரு கணக்கும் சொல்லிவிடும்! அதற்குக் கருவிகளைக் கொடுத்து, 'இருப்பை நீ யூகிக்காதே, இந்தக் கருவியிடம் கேள்' என்று பழக்கினால் அதுவே ஏஜெண்டு.

இந்த முறை மிகப் பழையதும் அல்ல. 2022 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 'ரீயாக்ட்' என்ற பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். யோசி, ஒரு காரியம் செய், பலனைப் பார், மறுபடி யோசி என்பதே அதன் சாரம். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது மாதிரிகளிலேயே கருவிகளைக் கூப்பிடும் வசதியைத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், எந்தக் கருவியையும் எந்த மாதிரியோடும் ஒரே முறையில் இணைக்க 'எம்.சி.பி.' என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. எல்லா பிளக்கும் எல்லா சாக்கெட்டிலும் பொருந்தும்படி செய்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பாடம்: அது சீட்டு மட்டும்தான் எழுதும்

மூன்று மாதம், ஞாயிறுதோறும் மதியத்துக்கு மேல் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தோம். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் பிள்ளை எழுதுவார். நாங்கள் பக்கத்தில் அமர்ந்து கடை வழக்கத்தைச் சொல்வோம்.

எங்களை ஆச்சரியப்பட வைத்த முதல் விஷயம், மாதிரி தானாக எதையும் செய்வதில்லை என்பது. அது ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது: 'இருப்பு பார்க்கும் கருவியைக் கூப்பிடவும், சரக்கு: துவரம் பருப்பு.' அவ்வளவுதான். அந்தச் சீட்டை வாங்கிப் படித்து, கணக்கில் பார்த்து, '12 மூட்டை' என்று பதிலை அதன் கையில் கொடுப்பது நாம் எழுதிய புரோகிராம். பதிலைப் பார்த்து மாதிரி அடுத்த சீட்டை எழுதும். கருவி எதுவும் வேண்டாம் என்று அது முடிவு செய்யும் வரை இந்தச் சுற்று நடக்கும். இந்தச் சுற்றை எழுத இருபது முப்பது வரிகளே போதும்.

கல்லாவில் இருப்பவரும் குடோனில் இருப்பவரும் சீட்டில் பேசிக்கொள்வதைப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன? கல்லாவிலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் குடோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு சரக்கை எடுத்துக் கொடுப்பதில்லை. தவறான சீட்டைத் திருப்பி அனுப்புவார். அந்தக் குடோன்காரர் இடத்தில் நமது புரோகிராம் இருக்கிறது. எதைக் கொடுக்கலாம், எதை மறுக்க வேண்டும் என்ற அதிகாரம் முழுவதும் அங்கேதான். இதை நாங்கள் அன்றே மனத்தில் வாங்கியிருந்தால் பின்னால் பட்ட அவமானம் மிச்சமாகியிருக்கும்.

நான்கு கருவிகள் செய்தோம். ஒன்று இருப்புப் பார்க்க, ஒன்று விலை பார்க்க, ஒன்று வாடிக்கையாளரின் பற்று வரவு பார்க்க, ஒன்று ஆர்டர் எழுத. ஒவ்வொரு கருவிக்கும் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன தகவல் வேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதிரி அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது. முதலில் 'விலை பார்' என்று மட்டும் எழுதியிருந்தோம். சில்லறை விலையைச் சொல்லிவிட்டது! 'மொத்த விலை, ஒரு கிலோவுக்கு, ரூபாயில்' என்று விளக்கத்தை மாற்றிய பிறகு சரியானது. புதிதாக வந்த கடைப் பையனுக்குச் சொல்வது போல விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

சர்க்கரையில் சறுக்கினோம்

பழைய சீட்டுகளை வைத்து இரண்டு வாரம் சோதித்தோம். பெரும்பாலும் சரியாகவே எழுதியது. படி, லிட்டர், ஒன்றரை, முக்கால் எல்லாம் புரிந்துகொண்டது. எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆர்டர் எழுதும் கருவியை, எங்களைக் கேட்காமலே கணக்கில் ஏற்றும்படி திறந்து விட்டோம். பையன்கள் பட்டியலைப் பார்த்து மூட்டை கட்டினார்கள்.

அந்த வாரம் மலையிலிருந்து ஒரு பெரியம்மாவின் குரல் பதிவு வந்தது. சாமி கும்பிடுக்காகச் சாமான்கள் கேட்டிருந்தார். அதில் சர்க்கரை பத்துக் கிலோவும் ஒன்று. நம் தென் மாவட்டத்துப் பெரியவர்கள் வெள்ளையாக இருப்பதைச் 'சீனி' என்பார்கள். 'சர்க்கரை' என்றால் அவர்களுக்கு நாட்டுச் சர்க்கரைதான். இது நம் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். மாதிரி படித்த பக்கங்களிலோ சர்க்கரை என்றால் பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரை. எங்கள் இருப்புப் பட்டியலில் 'சர்க்கரை' என்ற பெயர் தனியாக இல்லை. 'சீனி' என்றும் 'நாட்டுச் சர்க்கரை' என்றும் இரண்டு இருந்தன. அது தானே யோசித்து, சீனி பத்துக் கிலோ என்று எழுதிவிட்டது. வாசித்துக் காட்டும் பழைய வழக்கம் இருந்திருந்தால் முதல் வரியிலேயே பிடிபட்டிருக்கும். குதிரை ஏறிவிட்டது.

மறுநாள் மாலை போன் வந்தது. "தம்பி, வெள்ளைச் சீனியைப் போட்டுச் சாமிக்கு எப்படிப் பொங்கல் வைக்கிறது? உங்க அப்பா இருந்திருந்தா இப்படி அனுப்பியிருப்பாரா?" என்று கேட்டார் பெரியம்மா. பதில் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் செலவில் விடியற்காலையிலேயே நாட்டுச் சர்க்கரையை ஆளிடம் கொடுத்து மேலே அனுப்பினோம். கூலி பெரிதல்ல. அப்பாவின் பெயரைச் சொன்னாரே, அதுதான் பெரிது.

பிள்ளையைக் கோபித்துக்கொள்ள முடியுமா? கம்ப்யூட்டரைக் கோபித்துக்கொள்ள முடியுமா? வாசித்துக் காட்டும் வழக்கத்தை நிறுத்தியது நாங்கள்தான்.

செய்த திருத்தங்கள்

ஆர்டர் எழுதும் கருவி இனிமேல் சரக்கின் பெயரை ஏற்காது, எங்கள் பட்டியலில் உள்ள எண்ணை மட்டுமே ஏற்கும் என்று மாற்றினோம். பெயரைத் தேடும்போது ஒன்றுக்கு மேல் பொருந்தினால், 'சீனியா, நாட்டுச் சர்க்கரையா? வாடிக்கையாளரிடம் கேட்கவும்' என்று கருவியே பதில் தரும். மாதிரி யூகிக்கும் இடத்தை இப்படிக் குறைத்தோம்.

அடுத்ததாக, முழுப் பட்டியலையும் வாடிக்கையாளருக்குக் குரலில் வாசித்துக் காட்டும். அவர் சரி என்ற பிறகும் அது வரைவாகத்தான் இருக்கும். எங்களில் ஒருவர் பார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான் சிட்டையில் ஏறும். பார்ப்பதற்கு உள்ள கருவிகளைத் தாராளமாகத் திறந்து விடலாம். எழுதுவதற்கும் பணத்துக்கும் உள்ள கருவிகளில் நமது கை இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் நாங்கள் கற்றதை ஒரே வரியில் சொன்னால் இதுதான்.

மூன்றாவது திருத்தம், மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் வந்தது. குரல் பதிவு போய்ச் சேரவில்லை என்று நினைத்து ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்புவார்கள். நமது புரோகிராமும் பாதியில் நின்றால் மறுபடி முயலும். இரண்டு முறை எழுதிவிட்டால் இரண்டு குதிரைச் சரக்கு! ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் கருவி எழுத மறுக்கும்படி செய்தோம். அதே பட்டியல் அதே நாளில் மறுபடி வந்தால் கேட்டுவிட்டே எழுதும். சுற்று முடிவில்லாமல் ஓடாமல் இருக்க, பத்துச் சீட்டுக்கு மேல் போனால் நிறுத்தி எங்களைக் கூப்பிடு என்றும் வரம்பு வைத்தோம்.

நான்காவது, விலை. எங்கள் பங்காளி ஒருவர் வேடிக்கையாக, 'முதலாளி எனக்குப் பாதி விலை சொல்லியிருக்கிறார்' என்று குரல் பதிவு அனுப்பிப் பார்த்தார். முதலில் அதை நம்பிவிட்டது! இப்போது விலையை மாதிரி எழுத முடியாது. விலைப் பட்டியலிலிருந்து புரோகிராமே எடுத்துப் போடும். வெளியிலிருந்து வரும் எந்தப் பேச்சையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இந்த மாதிரிகளுக்கு உண்டு. 'நம்பாதே' என்று அதற்குப் புத்தி சொல்வதைவிட, நம்பினாலும் கெடுதல் வராதபடி கருவியைக் கட்டுவதே பாதுகாப்பு.

அமெரிக்காவில் ஒரு கடை

நமது அனுபவம் சின்னக் கடை அனுபவம். பெரிய இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? 2025ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில், மாதிரிகளைத் தயாரிக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனமே தனது அலுவலகத்தில் ஒரு சிறு கடையை ஏஜெண்டிடம் ஒப்படைத்துப் பார்த்தது. ஆண்டன் லேப்ஸ் என்ற நிறுவனம் துணை நின்றது. ஒரு குளிர்பெட்டி, சில கூடைகள், பணம் செலுத்த ஒரு திரை ஆகியவையே கடை. சரக்கு தேடுவது, கொள்முதல், விலை வைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் 'கிளாடியஸ்' என்று பெயரிட்ட அந்த ஏஜெண்டின் பொறுப்பு. சுமார் ஒரு மாதம் நடந்தது.

பலன்? நஷ்டம். இணையத்தில் 15 டாலருக்குக் கிடைக்கும் ஒரு குளிர்பானப் பெட்டிக்கு ஒருவர் 100 டாலர் தருவதாகச் சொன்னார். நம்மில் யாராவது விடுவோமா? அது 'கவனத்தில் கொள்கிறேன்' என்று சொல்லி விட்டுவிட்டது. டங்ஸ்டன் உலோகக் கட்டிகளை வாங்கி, வாங்கின விலைக்கும் கீழே விற்றது. பேசிப் பேசிக் கேட்டவர்களுக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்தது. இல்லாத ஒரு கணக்குக்குப் பணம் அனுப்பும்படியும் சொன்னது. இவ்வளவையும் அந்த நிறுவனமே மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. 2025 டிசம்பரில் வெளியிட்ட அடுத்த கட்ட விவரத்தில், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் முன் விலையையும் சரக்கு வந்து சேரும் நாளையும் சரிபார்த்தே ஆக வேண்டும் என்பது போன்ற நடைமுறைகளைக் கட்டாயமாக்கியது நல்ல பலன் தந்ததாகக் கூறினார்கள். நம் முன்னோர் செய்த இரட்டைச் சரிபார்ப்பு சான் பிரான்சிஸ்கோ வரை போய்ச் சேர்ந்திருக்கிறது!

பொறுப்பு யாருக்கு?

'கம்ப்யூட்டர் தவறாகச் சொல்லிவிட்டது' என்று நாம் கை கழுவ முடியுமா? கனடாவில் ஏர் கனடா விமானக் கம்பெனியின் இணையதளத்தில் பதில் சொல்லும் புரோகிராம், கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவலை ஒரு பயணிக்குச் சொல்லிவிட்டது. அந்தப் புரோகிராம் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கம்பெனி வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வட்டி, கட்டணம் உட்பட சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது, நீதி பெரிது. கடைப் பையன் சொன்ன வாக்குக்கு முதலாளி பொறுப்பு என்பது நமக்குப் புதிய சட்டமல்ல.

வாடிக்கையாளர் பற்று வரவும் அவர்களின் போன் எண்ணும் ரகசியம். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மாதிரி பெரும்பாலும் வேறு எங்கோ உள்ள கம்ப்யூட்டரில் ஓடுகிறது. நாம் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் அங்கே போகிறது. எங்கள் ஏஜெண்டுக்கு வாடிக்கையாளரின் பெயர் போவதில்லை, ஓர் எண்தான் போகும். கடன் எவ்வளவு என்றும் சொல்வதில்லை. 'ஆர்டர் எடுக்கலாம்' அல்லது 'முதலாளியைக் கேட்கவும்' என்ற பதில் மட்டும் போகும்.

செலவையும் சொல்லிவிடுகிறோம். மாதிரியைப் பயன்படுத்த, எழுத்தின் அளவுக்கு ஏற்பக் கட்டணம். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய பேச்சு முழுவதும் மறுபடி போவதால், சீட்டு கூடக் கூடச் செலவு ஏறும். ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்துக்குப் பொதுவாகக் கூடுதல் கணக்கு விழுகிறது. சுற்றைச் சுருக்கினால் பணம் மிச்சம்.

நமக்கு இது ஏன்?

2025 அக்டோபரில் நமது நாட்டின் யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ.யும், ரேசர்பேயும், ஓப்பன்ஏஐயும் சேர்ந்து, சாட்ஜிபிடியில் பேசிக்கொண்டே சாமான் வாங்கி யு.பி.ஐ.யில் பணம் செலுத்தும் சோதனையை அறிவித்தன. முதலில் சேர்ந்த கடைகளுள் பிக்பாஸ்கெட் ஒன்று. நாளை வாடிக்கையாளரின் ஏஜெண்டு கடை தேடி வரும்போது, இருப்பும் விலையும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் கடைதான் அதன் கண்ணில் படும். பெரிய கம்பெனிகள் தயாராகிவிட்டன. நமது சரக்குப் பட்டியல் இன்னும் மனக்கணக்கில் இருந்தால் யார் குற்றம்?

ஆகவே அன்பர்களுக்கு நாங்கள் கூறுவது இதுதான். எல்லோரும் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. ஆனால் சரக்குப் பட்டியலுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர்கள் சொல்லும் பெயர்களையெல்லாம் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதத்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், சோதனைக்கு அவைதான் உரைகல். வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு மொழி தெரியும், சர்க்கரைக்கும் சீனிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது எங்கள் ஏஜெண்டு தினமும் வேலை செய்கிறது. காலை ஒன்பதரைக்கெல்லாம் வரைவுகள் தயார். சென்ற மாதம் அதே பெரியம்மா பேசினார். பட்டியலை அது வாசித்துக் காட்டி, "சர்க்கரை என்றது நாட்டுச் சர்க்கரைதானே?" என்று கேட்டதாம். "இப்பத்தான் தம்பி உங்க கடை மாதிரி இருக்கு" என்றார்.

பொத்தானை நாங்களே அழுத்தினோம். அதன் பிறகே மூட்டை கட்டினோம்.